மூக்குக்குள் திராட்சைக் கொத்து!

முகத்தில் கீறல் இல்லாமல் எடுக்கும் "டெலிவிஷன்" ஆபரேஷன்
கண்ணும் மூளையும் அடுத்த வீடு, ஜாக்கிரதை தேவை

புதுச்சேரி:-

மூக்குக்குள்ளே உரித்த திராட்சைக் கொத்து மாதிரி சதை வளர்ந்து, மூச்சை அடைத்து, வாசனையையும் அடியோடு பறித்துக் கொள்ளும் வியாதி ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் இதை "நேசல் பாலிப்" என்கிறார்கள். ஜனங்கள் "மூக்கில் சதை வளர்ச்சி" என்கிறார்கள்.

நூறு பேரில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இந்தத் தொல்லை இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்லுகின்றன. ஆனால் பாதிப் பேர் "சளி பிடிச்சிருக்கு, தானா சரியாப் போயிடும்" என்று வருஷக் கணக்கில் கைக்குட்டையோடு அலைகிறார்கள்.

இந்தச் சதையை முகத்தில் ஒரு கீறல் கூடப் போடாமல், மூக்குத் துவாரம் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, டெலிவிஷன் திரையில் பார்த்துக் கொண்டே எடுத்து விடுகிறார்கள். கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்த ஆபரேஷன் நடக்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை பக்கத்தில் இருந்தெல்லாம் பஸ் ஏறி வரும் நோயாளிகள் கூட்டத்தில் மூக்கைப் பிடித்துக் கொண்டு நிற்பவர்களும் உண்டு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சளி அல்ல, சதை!

சாதாரண ஜலதோஷம் வாரம், பத்து நாளில் போய்விடும். இது போகாது.

இரண்டு மூக்கும் அடைத்துக் கொள்ளும். வாயால் மூச்சு விட வேண்டி வரும். இரவில் குறட்டை. காலையில் எழுந்தால் நாக்கு வறண்டு கிடக்கும். பேச்சு மூக்கடைத்த பேச்சாக இருக்கும். நெற்றியிலும் கன்னத்திலும் பாறாங்கல்லை வைத்த மாதிரி பாரம்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் வாசனை. கூபேர் மார்க்கெட்டில் மீன் கூடைக்குப் பக்கத்தில் நின்றாலும் மீன் வாசனை தெரியாது. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்எண்ணெயும் ஒன்றுதான்.

"வாசனை தெரியாவிட்டால் என்ன, குடியா முழுகிப் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. முழுகித்தான் போகும். அடுப்பங்கரையில் கேஸ் கசிந்தால் தெரியாது. சாம்பார் ஊசிப் போனது தெரியாது. மளிகைக் கடைக்காரருக்கு அரிசி மக்கியது தெரியாது. ஓட்டல்காரருக்கு எண்ணெய் காறியது தெரியாது. கடையில் வயர் கருகினாலும், புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும்.

ஆகவே இது வெறும் மூக்கு விஷயம் அல்ல. பிழைப்பு விஷயம். சில சமயம் உயிர் விஷயம்.

வாய்க்கால் அடைப்பு

இந்தச் சதை எங்கிருந்து வருகிறது?

மூக்கைச் சுற்றி எலும்புக்குள் காற்று அறைகள் இருக்கின்றன. நெற்றியில், கன்னத்தில், இரண்டு கண்களுக்கும் நடுவில், அதற்கும் பின்னால் என்று நான்கு ஜோடி. இவைதான் "சைனஸ்". இந்த அறைகளில் ஊறும் நீர், சின்னஞ்சிறு வாசல்கள் வழியாக மூக்குக்குள் வடிந்து போக வேண்டும்.

புதுவை நகரத்துப் பெரிய வாய்க்காலை எல்லோருக்கும் தெரியும். ஒரு இடத்தில் குப்பை அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும், நாறும். சைனஸ் கதையும் அதேதான்.

அலர்ஜியோ வேறு காரணமோ, உள்ஜவ்வு மாதக்கணக்கில் வீங்கியே கிடந்தால், நீர் கோர்த்துக் கொண்டு பை மாதிரி தொங்க ஆரம்பிக்கிறது. முக்கியமாக, கண்களுக்கு நடுவே தேன்கூடு போல இருக்கும் "எத்மாய்டு" அறைகளில் இருந்துதான் இது கிளம்புகிறது. வெளிறிய நிறம், தொட்டால் வலி இருக்காது. வலி இல்லாததுதான் சூழ்ச்சி. வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுவார்களே!

இருமல், இரைப்பு உள்ளவர்களிடம் இது அதிகம். ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக் கொள்ளாமை ஆகிய மூன்றும் சேர்ந்தே சிலரைப் பிடிக்கும்.

இந்தக் கூட்டணியை 1922-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு டாக்டர் பெர்னான் விடாலும் அவரது சகாக்களும் எழுதி வைத்தார்கள். டைபாய்டு காய்ச்சலுக்கு "வைடால் டெஸ்ட்" எடுக்கிறார்களே, அந்த டெஸ்டுக்குப் பெயர் கொடுத்தவரும் இதே டாக்டர்தான். இந்த வகை நோயாளிகள் தலைவலி என்று கண்ட மாத்திரையை வாங்கி விழுங்கினால் இரைப்பு எகிறி உயிருக்கே ஆபத்து வரலாம். ஆஸ்பிரின் மட்டும் அல்ல, அதே இனத்தைச் சேர்ந்த மற்ற வலி மாத்திரைகளும் ஆகாது.

கண்ணி போட்ட காலம்

மூக்குச் சதையோடு மனிதன் போராடுவது நேற்று இன்று அல்ல. சுசுருதர் தம் நூலில் இதைப் பற்றிச் சொல்லி இருக்கிறார். கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் வழி இன்னும் பயங்கரம்: கடல் பஞ்சைக் கயிற்றில் கட்டி, மூக்கு வழியாகத் தொண்டைக்கு இழுத்து, சதையையும் சேர்த்துப் பிடுங்குவது!

இன்னொரு வழி கம்பிக் கண்ணி. டாக்டர் நெற்றியில் கண்ணாடியைக் கட்டி, வெளிச்சத்தை மூக்குக்குள் அடித்து, சதையில் கண்ணியைப் போட்டு இழுப்பார். முன்னால் தெரிவது வரும். பின்னால் ஒளிந்திருப்பது அப்படியே இருக்கும்.

இன்னொன்று, மேல் உதட்டைத் தூக்கி, பல் ஈறுக்கு மேலே கீறி, கன்ன எலும்பை உடைத்து உள்ளே போகும் ஆபரேஷன். 1893-ல் நியூயார்க் டாக்டர் கால்டுவெல்லும், 1897-ல் பாரீஸ் டாக்டர் லூக்கும் தனித்தனியே வெளியிட்டதால் "கால்டுவெல்-லூக்" ஆபரேஷன் என்று பெயர். முகம் வீங்கும். உதடு, பல் மரத்துப் போவதும் உண்டு. அப்படியும் சைனஸ் தொல்லை பலருக்குத் தீரவில்லை.

ஆஸ்திரியா டாக்டர் கண்ட உண்மை

ஏன் தீரவில்லை என்று கண்டுபிடித்தவர் ஆஸ்திரியா நாட்டில் கிராஸ் நகரத்து டாக்டர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர்.

சைனஸ் அறையில் ஊறும் நீர் இஷ்டப்பட்ட வழியில் ஓடுவது இல்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் அதைத் தள்ளிக் கொண்டே போய், இயற்கையாக அமைந்த வாசலுக்குத்தான் கொண்டு சேர்க்கின்றன. டாக்டர் பக்கத்தில் வேறு ஓட்டை போட்டுக் கொடுத்தாலும், நீர் அந்த ஓட்டையைத் தாண்டிப் பழைய வாசலுக்கே போகிறது!

அப்படியானால் புது ஓட்டை எதற்கு? பழைய வாசலில் உள்ள அடைப்பை எடுத்தால் போதுமே! இதுதான் புதிய ஆபரேஷனுக்கு அஸ்திவாரம். அவரது புத்தகம் 1978-ல் வெளிவந்தது.

வாசலைப் பார்க்கக் கண் வேண்டும் அல்லவா? 1901-லேயே ஜெர்மனி டாக்டர் ஹிர்ஷ்மன், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயைத் திருத்தி மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை. 1959-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹெரால்டு ஹாப்கின்ஸ், குழாய்க்குள் கண்ணாடிக் குச்சிகளை அடுக்கி, பிரகாசமாகத் தெரியும் கருவிக்கு வழி செய்தார். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஸ்டோர்ஸ் கம்பெனி அதைத் தயாரித்து விற்றது.

கிராஸ் நகரத்தில் டாக்டர் ஸ்டாம்பெர்கர் இந்த முறையை வளர்த்தார். அமெரிக்காவில் டாக்டர் டேவிட் கென்னடி 1985-ல் இதற்கு "பங்ஷனல் எண்டோஸ்கோப்பிக் சைனஸ் சர்ஜரி" என்று பெயர் சூட்டினார். சுருக்கமாக "பெஸ்". பிறகு உலகம் எங்கும் பரவி விட்டது.

தியேட்டருக்குள்ளே

வந்ததும் கத்தியை எடுத்து விடுவது இல்லை. முதலில் மருந்து.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுதல். ஸ்டீராய்டு கலந்த மூக்கு ஸ்பிரே. தேவையானால் சில நாட்களுக்கு மாத்திரை. சின்னச் சதையாக இருந்தால் இதிலேயே சுருங்கி விடும். சுருங்காவிட்டால், மூச்சு முட்டினால், அப்போதுதான் ஆபரேஷன்.

அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் கட்டாயம். ஊர் தெரியாதவன் இரவில் சந்து பொந்தில் நுழைகிற மாதிரி டாக்டர் மூக்குக்குள் நுழைய முடியாது. எந்தச் சுவர் மெல்லிசு, எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பதற்கு ஸ்கேன்தான் வரைபடம். ஆளுக்கு ஆள் அமைப்பு மாறும்.

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கிறார்கள். மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து மூக்கின் உள்ளே ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறார்கள். பிறகு 4 மில்லிமீட்டர் பருமன் உள்ள குழாய் உள்ளே போகிறது. பென்சிலை விட மெல்லிசு. நேராகப் பார்க்க ஒரு குழாய். வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்க்க வேறு குழாய்.

குழாயின் முனையில் தெரிவது எல்லாம் டெலிவிஷன் திரையில் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துக் கொண்டே சதையை வெட்டி எடுத்து, சைனஸ் வாசல்களைத் திறந்து விடுகிறார்கள். "மைக்ரோ டெப்ரைடர்" என்ற கருவி சதையை உறிஞ்சி வெட்டி, உறிஞ்சி வெட்டி வெளியே தள்ளும். மூக்குக்கு இது 1990-களில் வந்தது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும்.

வெளியே கட்டு கிடையாது. தையல் தெரியாது. பார்ப்பவர்களுக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது.

காகித எலும்பு

சுலபமான ஆபரேஷன் என்று நினைத்து விடக் கூடாது. இடம் அப்படிப்பட்டது.

சைனசுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் எலும்புக்கு மருத்துவத்தில் "காகிதத் தகடு" என்றே பொருள் தரும் பெயர். அவ்வளவு மெல்லிசு. மேலே கூரை மாதிரி இருக்கும் எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை. ஒரு பிசகு நேர்ந்தால் கண் பார்வைக்கு ஆபத்து. கூரையில் ஓட்டை விழுந்தால் மூளை நீர் மூக்கு வழியாக ஒழுகும்.

அதனால்தான் மற்ற ஆபரேஷன்களில் முகத்தைத் துணியால் மூடினாலும், இதில் கண்ணை மட்டும் மூடாமல் விடுகிறார்கள். கண் அசைகிறதா, வீங்குகிறதா என்று கவனித்துக் கொண்டே இருப்பார்கள்.

பயப்படவும் வேண்டாம். பழகிய கையில் இப்படிப்பட்ட பெரிய விபத்துகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஆபரேஷன் முடிந்தவர்கள் சில நாட்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரண்டு வாரத்துக்கு அரிசி மூட்டை, சிமெண்டு மூட்டை தூக்கும் வேலை ஆகாது. ஆபீஸ் வேலை என்றால் ஒரு வாரம் லீவு போட்டால் பெரும்பாலும் போதும். மூக்கில் இருந்து தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக ஒழுகினாலோ, பார்வை மங்கினாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

திரும்ப வருமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: வரலாம்.

பெல்ஜியம் நாட்டில் ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் 38 பேரை 12 ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். 30 பேருக்குச் சதை மறுபடியும் வந்திருந்தது. ஆனால் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது 14 பேருக்குத்தான். இந்த விவரம் 2019-ல் வெளிவந்தது.

அப்படியானால் ஆபரேஷன் வீணா? வீண் இல்லை. செடியை வெட்டலாம், விதை உடம்புக்குள் இருக்கிறது. வாசல் திறந்து கிடந்தால்தான் ஸ்பிரே மருந்து சைனசுக்குள் போய்ச் சேரும். ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகும் டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை உப்புத் தண்ணீரும் ஸ்பிரேயும் தொடர வேண்டும். "மூக்கு திறந்து விட்டது, இனி எதுக்கு மருந்து?" என்று பாட்டிலைத் தூக்கி எறிபவர்கள்தான் சீக்கிரமே மறுபடியும் கியூவில் வந்து நிற்கிறார்கள்.

ஊசியாகப் போடும் புது மருந்தும் வந்திருக்கிறது. "டுபிலுமாப்" என்று பெயர். மூக்குச் சதைக்கு இதை அமெரிக்க அரசு 2019-ல் அனுமதித்தது. விலைதான் கையைக் கடிக்கிறது.

குளத்துத் தண்ணீர்

மூக்கில் வளர்வது எல்லாம் ஒரே சதை அல்ல. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் அதிகம் காணப்படும் இன்னொரு வகை இருக்கிறது. "ரைனோஸ்போரிடியோசிஸ்" என்று வாயில் நுழையாத பெயர்.

இது வெளிறி இருக்காது. சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். தொட்டாலே ரத்தம் கொட்டும். மாடு குளிப்பாட்டும் குளம் குட்டைகளில் முழுகிக் குளிப்பவர்களுக்கு வருவதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்தான் காரணம். இதையும் எண்டோஸ்கோப் வழியாக எடுத்து, வேர் இருந்த இடத்தைச் சுட்டு விடுகிறார்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் "உஷ்ணம்" என்று எண்ணெய் தேய்த்துக் கொண்டு சும்மா இருந்து விடக் கூடாது.

ஒரே பக்கமா? உஷார்!

சாதாரணமாகச் சதை இரண்டு பக்கமும் வரும். ஒரே ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு ரத்தம், நாற்றம் என்றால் உடனே காட்ட வேண்டும். வயதானவர்களுக்கு அது கட்டியாக இருக்கலாம். அதனால்தான் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பிறவியிலேயே எலும்பில் ஓட்டை இருந்து, மூளையின் ஜவ்வு மூக்குக்குள் இறங்கி நிற்பது உண்டு. பார்க்கச் சதை மாதிரியே இருக்கும். ஸ்கேன் எடுக்காமல் அதை யாராவது கிள்ளி எடுத்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

"ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் சதை விழும்" என்று சுவரில் ஒட்டிய நோட்டீசை நம்பி லாட்ஜ் ரூமுக்குப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். எரிமருந்தை மூக்குக்குள் விட்டால் சதையோடு நல்ல ஜவ்வும் வெந்து போகும். வாசனை நரம்பு வெந்தால், பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் திரும்பக் கிடைக்காது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தும் நாலைந்து நாளைக்குத்தான். மாதக்கணக்கில் விட்டுக் கொண்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும்.

கறுப்புப் பூஞ்சை

எண்டோஸ்கோப் என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு தெரிந்தது 2021-ல். கொரோனாவுக்குப் பின்னால் "கறுப்புப் பூஞ்சை" கிளம்பிய நேரம். சர்க்கரை வியாதிக்காரர்களின் சைனசுக்குள் புகுந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. அந்த ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியது. ஜூன் கடைசிக்குள் நாட்டில் 40 ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

அப்போது மருந்தோடு சேர்ந்து உயிர் காத்தது இதே ஆபரேஷன்தான். அழுகிய பகுதியை எண்டோஸ்கோப் வழியாகச் சுரண்டி எடுத்தார்கள். மூக்குச் சதைக்காகக் கற்றுக் கொண்ட கை, பெருந்தொற்று நேரத்தில் ஊருக்கு உதவியது.

எங்கே போவது?

புதுவைக்கும் வைத்தியத்துக்கும் உறவு பழசு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருந்துதான் ஜிப்மர் தன் சரித்திரத்தைச் சொல்லுகிறது. 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. 1964-ல் ஜிப்மர். 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்.

அங்கு மட்டும் அல்ல. நகரின் நடுவில் உள்ள இந்திரா காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியிலும், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இருக்கிறார்கள். முதல் பரிசோதனைக்கு யாரும் மெட்ராசுக்கு ஓட வேண்டியது இல்லை.

கையில் ஆயுஷ்மான் அட்டை இருந்தால் எடுத்துக் கொண்டு போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று 2018-ல் தொடங்கிய திட்டம் அது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே அதற்கான கவுண்டரில் கேட்டுக் கொள்வது நல்லது.

போகும்போது மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரைப்பு உண்டா? எந்த மாத்திரை ஒத்துக் கொள்ளாது? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

வாசனை தெரிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக் கொண்டு காபித்தூள் டப்பாவை மூக்கருகே பிடியுங்கள். வாசனை தெரியாமல், அடைப்பும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அது சளி அல்ல. நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டி விடுங்கள்.